ஆட்டக்களத்தில் தலைநிமிர்ந்த பால்வங்கர் பாலு

விளையாட்டு வீரர் ஒருவர் மறைந்தால், அவரை ஒருமுறையேனும் நேரில் காணாத மக்களும் உற்றாரை இழந்தவர் போல் வருந்துவதை நாம் கண்டிருக்கிறோம். 1983ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 20ஆம் நாள் பிரேசில் நாட்டுக் கால்பந்து மேதை கரிஞ்சா காலமானார். வளைந்த கால்களை உடையவர். சிறு வயதில் நெசவாலையில் வேலை பார்த்தவர். 1958, 1962 ஆகிய ஈராண்டுகளிலும் உலகக் கோப்பையை வென்ற அணியில் ஒளிவிட்டவர். ரியோ நகரின் மரக்கானா அரங்கில் வைக்கப்பெற்ற அவருடைய உடல் பிறந்த ஊருக்குக் கொண்டு செல்லப்பட்டபோது வழிநெடுகிலும் மக்கள் திரண்டு நின்றனர். 2020ஆம் ஆண்டு நவம்பரில் அர்சென்டினா நாட்டு மாரடோனா மறைந்தபொழுது, கடல் கடந்த நம் கேரளத்திலே விளையாட்டுத் துறையில் இரண்டு நாள் துக்கம் கடைப்பிடிக்கப்பட்டது.

இத்தகைய அன்பு போற்றற்குரியது. எனினும் கரிஞ்சா தம் இறுதி ஆண்டுகளில் குடிநோயாலும் வறுமையாலும் நலிந்து மாண்டார் என்பதையும் மறத்தற்கில்லை. ஒருவர் உயிரோடிருக்கையில் அவருக்குரியதைக் கொடாமல், இறந்தபின் கண்ணீர் சிந்துவது மட்டும் போதுமா? இவ்வினாவை நம் நாட்டிலேயே, நம்மவர் ஒருவருடைய வாழ்க்கையைக் கொண்டு எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் ஆடியது கால்பந்து அன்று, கிரிக்கெட்டு. 1955ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 4ஆம் நாள் பம்பாயில் காலமான பால்வங்கர் பாலு என்பவரே அவர். இந்தியக் கிரிக்கெட்டின் முதல் பெரும் பந்து வீச்சாளர் என்று வரலாற்று அறிஞர்களால் மதிக்கப்பெறும் அவருடைய பெயரை நம் இளைஞருள் எத்தனை பேர் அறிவர்?

பாலு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், 1870களின் நடுவில், தார்வாரில் பிறந்தார். கொங்கணத்தில் உள்ள பால்வண் என்னும் ஊரே குடும்பப் பெயருக்குக் காரணம். குலம், தோல் தொழில் செய்யும் சமார் குலம். அன்றைய வழக்கில் தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கி வைக்கப்பட்டது. தந்தையார் படைத்துறையில் ஊழியம் பார்த்தவர். ஆகவே பூனா நகரப் படைக்குடியிருப்பில் வெள்ளை அதிகாரிகள் ஆடுவதைக் காணவும், அவர்கள் கழித்தெறிந்த மட்டையையும் பந்தையும் கொண்டு ஆடவும் பாலுவுக்கும் அவர்தம் தம்பி சிவராமுக்கும் வாய்ப்புக் கிட்டியது. கணபதி, விட்டல் என்னும் இளைய தம்பியர் இருவரும் பின்னர் இவ்வாட்டத்தில் புகழ் பெற்றனர்.

குடும்ப வருவாய்க்காகப் பாலு இளமையிலேயே வேலைக்குச் சென்றார். பார்சியர் கழகம் ஒன்றின் ஆடுகளத்தைப் பெருக்குவதும் உருளை இழுத்துச் சமன் செய்வதும் அவர் பணி. மாதச் சம்பளம் ரூபாய் 3. அதன்பின் ஐரோப்பியர்களின் பூனாக் கழகத்தில் சேர்ந்தார்; அங்கே ரூபாய் 4. வலை கட்டுவது, கோடு போடுவது, களத்தைப் பேணுவது ஆகியவற்றோடு, பயிற்சிக்கு வரும் துரைமாருக்குப் பந்து வீசும் வேலையும் வந்து சேர்ந்தது. அவர்களுள் கிரெய்க் என்பவர் அந்நாளில் பேர் பெற்ற மட்டையாளர். அவர் மற்றவர்க்கு முன்னரே களத்துக்கு வந்து, பாலுவின் இடக்கைச் சுழற்பந்தை எதிர்த்து நெடுநேரம் ஆடிப் பழகுவார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுத்தார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. இவ்வாறு ஆயிரக்கணக்கான பந்துகளை வீசியும், மட்டையைப் பிடிக்க மட்டும் பாலுவுக்கு அங்கே வாய்ப்பளிக்கப்படவில்லை. மட்டை பிடிப்பது மேலோர்க்குரியது, பந்து வீசுவது ஊழியருக்குரியது என்பது அன்றைய எண்ணம். அந்த ஊழியத்தையே பாலு தமக்குரிய கலையாக்கிக் கொண்டார்.

பூனாவில் இந்துக்களின் கழகமும் ஒன்று இருந்தது. ஐரோப்பியரை வெல்லவேண்டுமென்பது அவர்தம் பேரவா. அதற்குப் பாலு தேவைப்பட்டார். ஆனால் அவரைச் சேர்ப்பதா வேண்டாவா என்று உறுப்பினரிடையே பூசல் எழுந்தது. அங்கிருந்த தெலுங்கு மொழியினர் சேர்க்க வேண்டும் என்றனர். உள்ளூர் மேற்குலத்தார் மறுத்தனர். தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் ஒலிக்கும் திருத்தணி மக்களாகிய நமக்கு இச்செய்தி மகிழ்ச்சி தருவதாகும். முடிவில் பாலு சேர்க்கப்பட்டார். ஐரோப்பிய அணிகள் அவருடைய பந்துவீச்சால் தோற்றன.

சேர்த்துக் கொண்டது எந்த அளவுக்கு? ஆட்டக்களத்துக்குள் அவர் அணியின் வீரர். தேநீர் இடைவேளையில் மற்றையோர் மண்டபத்துள் பீங்கான் கோப்பையில் பருக, பாலுவுக்கு வெளியே, பருகியபின் எறிந்துவிடும் மண் குவளையில் தேநீர் ஊற்றப்பட்டது. முகம் கழுவ விரும்பினால், தாழ்த்தப்பட்ட குலத்துப் பணியாள் ஒருவரே களத்தின் ஒரு மூலைக்கு நீர் கொண்டுவந்து ஊற்றுவார். உணவும் தனித் தட்டில், தனி மேசையில். தோலைத் தொட்டுத் தொழில் செய்வதால் இவர் குலம் தீட்டு. தோலால் தைத்த பந்தையோ பதினொருவரும் கையால் தேய்த்துக் கைமாற்றி மகிழ்ந்தனர். தீண்டாமைக்கு அறிவின் துணை ஏதுமில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? நம் இளமையில் சிற்றூர்த் தேநீர்க் கடையொன்றில் இரட்டைக் குவளைகளைக் கண்டவர்கள் நாம். பூனாவின் மண் குவளையும் அக்கடையின் தனிக் குவளையும் ஒரே சூளையில் வெந்தவையே. சீர்திருத்தச் செம்மலாகிய நீதிபதி ரானடே, உடன் ஆடுபவருடன் உடன் உண்ணவும் வேண்டும் என்று அந்நாளிலேயே அறிவுறுத்தினார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பூனாவில் கொள்ளைநோய் பரவிய காலத்தில் பாலு பம்பாய் சென்றார். இந்து சிம்கானா என்னும் கழகத்துக்காக ஆடினார். 1906ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்துக்களுக்கும் ஐரோப்பியர்க்கும் நிகழ்ந்த ஆட்டத்தில் இந்துக்கள் 109 ஓட்டங்களில் வென்றனர். பாலு எட்டு விக்கெட்டுகளை வீழ்த்தினார். சிவராமும் அவ்வணியில் இருந்தார். ஆண்டோரை ஆளப்பட்டோர் வென்றனர் என்று நாட்டு மக்கள் களித்தனர். ஆளப்பட்டோராலேயே ஒதுக்கப்பட்ட இருவர் அவ்வெற்றிக்குத் தோள் கொடுத்தனர் என்பதைச் சிலரே எண்ணிப் பார்த்தனர்.

1911ஆம் ஆண்டு இந்திய அணியொன்று இங்கிலாந்து சென்றது. பாட்டியாலா மன்னர் தலைவர். பல சமயத்தாரும் பல குலத்தாரும் கலந்த அவ்வணி பெரும்பாலான ஆட்டங்களில் தோல்வியே கண்டது. அத்தோல்விகளுக்கிடையே பாலு ஒருவரே அப்பயணத்தில் 114 விக்கெட்டுகளை, விக்கெட்டுக்குச் சராசரி 18.84 ஓட்டங்கள் வீதம் வீழ்த்தினார். அப்பொழுது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பத்தைந்து. அவர் ஆடிய முதல்தர ஆட்டங்கள் மொத்தம் 33, வீழ்த்திய விக்கெட்டுகள் 179, சராசரி 15.21 ஓட்டங்கள். மதிப்பெண் பட்டியலைப் படிக்கத் தெரிந்த எந்த மாணவனும் இவ்வெண்களின் பொருளை உணர்வான்.

நாடு திரும்பிய பாலுவைப் பம்பாயில் தாழ்த்தப்பட்ட மக்கள் விழா எடுத்து வரவேற்றனர். அப்போது அந்நகரில் கல்லூரி மாணவராயிருந்த இளைஞர் ஒருவர் பாலுவின் புகழில் பெருமிதம் கொண்டார். அவரும் படைத்துறையாளர் ஒருவரின் மைந்தரே. அவரே பின்னாளில் அரசியல் சட்டத்தை வகுத்தளித்த அண்ணல் அம்பேத்கர். பட்டம் பெற்றவரும் பதவி பெற்றவரும் நம்மிடையே அரிதாயிருந்த அக்காலத்தில், திறமையில் நாம் எவர்க்கும் தாழ்ந்தவரல்லர் என்று மெய்ப்பித்துக் காட்டப் பாலு ஒருவர் இருந்தார்.

இத்துணைத் திறமை இருந்தும் இந்து அணியின் தலைமைப் பொறுப்பு அவருக்கு வழங்கப்படவில்லை. தலைவரானவர் மேற்குலத்தவராகவே இருந்தார். 1913ஆம் ஆண்டில் தலைவராயிருந்த பை என்பவர், மூப்பாலும் திறத்தாலும் அப்பதவி பாலுவுக்கே உரியது என்று தாமே பெருந்தன்மையுடன் எடுத்துரைத்தார். 1920ஆம் ஆண்டு நாற்படைப் போட்டியில் பை நோயுற்றபோது, தலைமை தேவதருக்குச் சென்றது; பாலு அணியிலிருந்தே நீக்கப்பட்டார்.

அப்பொழுது சிவராமும் விட்டலும் செய்ததை நம் இளைஞர்கள் கருத்தூன்றிப் படித்தல் வேண்டும். அவர்கள் வைதாரல்லர், இரந்து நின்றாரும் அல்லர். இழைக்கப்பட்ட அநீதியை எடுத்துக் கூறும் அறிக்கையை வெளியிட்டு ஆட்டத்தினின்றும் விலகினர். செய்தி நகரெங்கும் பரவியது. பொதுமக்களில் பலர் அவர்கள் பக்கம் நின்றனர். அடுத்த ஆட்டத்துக்குள் கழகத்தார் இறங்கி வந்தனர். பை தலைவராகவும் பாலு துணைத் தலைவராகவும் அறிவிக்கப்பட்டனர், தம்பியர் மீண்டனர். அவ்வாட்டத்தின்போது பை களத்தைவிட்டு வெளியேறி, பாலு அணியை நடத்த வழிவிட்டார். மூன்றாண்டு கழித்து, 1923இல், விட்டல் இந்து அணியின் முறையான தலைவரானார். அவ்வாண்டே ஐரோப்பியரை வென்றார். தமையனுக்கு மறுக்கப்பட்ட பதவி தம்பிக்குக் கிட்டியது. அது தானாகக் கனிந்து விழுந்த கனி அன்று. திறமை கதவைத் தட்டியது. ஒன்றுபட்ட மறுப்பே கதவைத் திறந்தது.

பாலுவின் பிற்கால அரசியல் வாழ்வு நம்மைச் சிந்திக்க வைப்பதாகும். தாழ்த்தப்பட்டோர்க்குத் தனித் தொகுதி வேண்டும் என்று அண்ணல் போராடியபொழுது, பாலு நம் சென்னை மாகாணத்துத் தலைவர் எம்.சி. இராசாவுடன் சேர்ந்து கூட்டுத் தொகுதியை ஆதரித்தார். 1932ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோருள் அவரும் ஒருவர். 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் பம்பாயில் காங்கிரசின் சார்பில் அண்ணலை எதிர்த்தே நின்றார். அண்ணல் 13,245 வாக்குகள் பெற்று வென்றார். பாலு 11,225 பெற்றுத் தோற்றார்.

இதனால் பாலுவைப் புறந்தள்ளுவோரும் உண்டு. நாம் அண்ணலின் வழியே நம் வழியென்று கொண்டவர்கள்; அதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு கருத்தில் பிழைபட்டார் என்று நாம் எண்ணும் ஒருவருடைய வாழ்நாள் உழைப்பனைத்தையும் அழித்துவிடுதல் நன்றியன்று. நம் வரலாற்றில் எழுதப்பட்ட பெயர்கள் மிகச் சில. அச்சிலவற்றிலும் நாமே சிலவற்றை அடித்துவிட்டால், நம் பிள்ளைகள் யாரைப் படிப்பர்?

1955இல் பாலு மறைந்தபொழுது சாந்தாக்குரூசில் நடைபெற்ற இறுதிச் சடங்கில் ஆட்டக்காரர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் கலந்துகொண்டனர். அண்ணல் மறைந்தது அடுத்த ஆண்டு டிசம்பரில். பாலுவுக்காக அன்று வருந்தினர், பின்னர் மறந்தனர். இங்கிலாந்து அணிக்காக ஆடிய இரஞ்சித்சிங்கரின் பெயரால் 1934 முதல் தேசியக் கோப்பை வழங்கப்பட்டு வருகிறது. இந்திய அணிக்காக இங்கிலாந்தில் 114 விக்கெட்டுகளை எடுத்தவரோ பல ஆண்டுகள் வரலாற்று நூல்களின் ஓரத்திலே கிடந்தார். விட்டல் மராத்தியில் தம் வாழ்க்கையை எழுதி வைத்தது பெரும் பயன் தந்தது. 2002ஆம் ஆண்டில் வரலாற்றறிஞர் இராமச்சந்திர குகா தம் கிரிக்கெட்டு வரலாற்று நூலில் இச்சகோதரர்களின் கதையை விரித்துரைத்த பின்னரே நாட்டினர் பலர் பாலுவை அறிந்தனர். எழுதப்படாத புகழ் இரண்டு தலைமுறைக்கு மேல் நில்லாது என்பதை இதனால் அறிகிறோம்.

தணிகை மலைப் படிகளில் இன்று எவரும் ஏறிச் செல்கின்றனர். 1947ஆம் ஆண்டுச் சென்னை ஆலய நுழைவுச் சட்டத்துக்குப் பின்னரே அவ்வுரிமை உறுதியாயிற்று என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும். பாலு தலைமைக்காகக் காத்திருந்த ஆண்டுகளில் நம் முன்னோர் மலையடிவாரத்தில் காத்திருந்தனர். பெற்ற உரிமை ஒவ்வொன்றின் பின்னும் ஒரு காத்திருப்பும் ஒரு மறுப்புரையும் உண்டு.

நம் பிள்ளைகள் மாலைதோறும் மைதானத்திலும் வற்றிய ஏரியிலும் ஆடுகின்றனர். ஆடட்டும், படிப்பைக் கைவிடாமல் ஆடட்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக அவர்கள் கையில் புத்தகம் கொடுத்துவரும் நம் சங்கத்துக்கு நாம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். ஆண்டுதோறும் சூலைத் திங்கள் 4ஆம் நாள் நம் ஊர் இளைஞர்களைச் சாதி வேறுபாடின்றி அழைத்து ஓர் ஆட்டம் நடத்துவோம். ஆட்டத்துக்குப்பின் மாணவி ஒருத்தி பாலுவின் வாழ்க்கையை எழுந்து நின்று படிக்கட்டும். அதன்பின் இரு அணியினரும், களத்தைப் பெருக்கிக் கோடு போட்டவரும், ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே வகைக் குவளையில் தேநீர் அருந்தட்டும்.