ஹென்றி ஃபோர்டும் நகரும் வேலை வரிசையும்

அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில், டியர்பார்ன் என்னும் ஊரில் ஒரு குடியானவர் இல்லத்தில் 1863-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் ஹென்றி ஃபோர்டு பிறந்தார். பன்னிரண்டு வயதில் தாயை இழந்தார். ஏர்த் தொழிலில் அவருக்கு நாட்டமில்லை. கடிகாரங்களைப் பிரித்துப் பூட்டுவதிலேயே இன்பம் கண்டார். 1903-இல் மோட்டார் கம்பெனி தொடங்கினார். 1908-இல் வெளிவந்த அவரது 'மாடல் டி' கார் 850 டாலர் விலை பெற்றது. எளியவரும் கார் வாங்க வேண்டுமானால், அதைச் செய்யும் செலவு குறைய வேண்டுமல்லவா?

இதை அவர் ஒருவராகவே சாதித்தார் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. சோரன்சன், மார்ட்டின், வில்ஸ் முதலியோர் துணை நின்றனர். அவர்களுள் கிளாரன்ஸ் ஏவரி என்பவர் ஃபோர்டின் மகனுக்குப் பள்ளியில் பாடம் சொன்ன ஆசிரியர்! ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிடம் ஆகிறதென்று கணக்கெடுத்தவர் அவர். ஆசிரியர்கள் எங்கே சென்றாலும் கடிகாரத்தை விடமாட்டார்கள் போலும்.

1913-இல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் சோதனை தொடங்கியது. மாக்னெட்டோ என்னும் மின்கருவியை ஒரே ஆள் முழுதாகப் பூட்ட 20 நிமிடம் ஆயிற்று. அவ்வேலையை 29 பேருக்குப் பங்கிட்டதும் ஒரு கருவிக்கு ஆகும் உழைப்பு 13 நிமிடமாகக் குறைந்தது. குனிந்து முதுகு நோகாதபடி வரிசையின் உயரத்தை எட்டு அங்குலம் கூட்டினர். 7 நிமிடமே ஆயிற்று! பின்பு காரின் அடிச்சட்டத்தைக் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தனர். ஆள் வேலையைத் தேடிப் போகாமல், வேலையே ஆளைத் தேடி வந்தது. பன்னிரண்டரை மணி நேர உழைப்பு 1914-இல் 93 நிமிடமாயிற்று.

ஆனால் நாள் முழுதும் ஒரே திருகாணியை முடுக்கிக் கொண்டிருக்க யாருக்குப் பிடிக்கும்? தொழிலாளர் கூட்டம் கூட்டமாக விலகினர். மிச்சம் பிடித்த பணம் புது ஆட்களைப் பழக்குவதிலேயே கரைந்தது. எனவே 1914 ஜனவரியில் ஃபோர்டு வேலை நேரத்தை 9 மணியிலிருந்து 8 ஆகக் குறைத்து, 2.34 டாலராக இருந்த நாட்கூலியை 5 டாலராக்கினார். பெண்களுக்கு முதலில் இச்சலுகை பொதுவாகக் கிடைக்கவில்லை. 1916 வரை காத்திருந்தனர். இதைப் படிக்கையில் நமக்குச் சினமே வருகிறது.

1925-இல் மலிவான மாடல் டி 260 டாலருக்கே கிடைத்தது. எனினும் தொழிற்சங்கத்தை ஃபோர்டு 1941 வரை ஏற்கவில்லை. யூத மக்களை இழிவுபடுத்திய பத்திரிகையையும் நடத்தினார். 1947 ஏப்ரல் 7-ஆம் நாள் இரவு டியர்பார்னில் காலமானார். ஆற்றில் வெள்ளம் பெருகி மின்சாரம் நின்றிருந்ததால், அன்று அவ்வீட்டில் மெழுகுவர்த்தியும் எண்ணெய் விளக்குமே எரிந்தன.