22 சிறுவர்களுடன் கடல் கடந்த மருத்துவர் பால்மிஸ்

தமிழ்ப்பள்ளியில் படித்த நம்மில் பலருக்கும் அந்த நாள் நினைவிருக்கும். அரசாங்கக் கிளினிக்கிலிருந்து தாதியர் வருவார்கள். கையில் ஒரு குளிர்பெட்டி இருக்கும். ஊசியைக் கண்டு அழுதவர்களும் உண்டு; அழாதவர்போல் முகத்தை வைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால், அந்தப் பெட்டியைப் பற்றி நாம் யாரும் யோசித்திருக்க மாட்டோம். பெரும்பாலான தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே வைத்திருக்க வேண்டும். சூடு ஏறினால் வீரியம் குறையும். ஹெப்பாடைட்டிஸ் பி போன்ற சில மருந்துகள் உறைந்துபோனாலும் கெட்டுவிடும். தொழிற்சாலையிலிருந்து குழந்தையின் கைவரை இந்தக் குளிர்ச்சி எங்கும் அறுந்துவிடக் கூடாது. அறுந்தால், குழந்தை அழுததுதான் மிச்சம்.

மின்சாரமும் குளிர்பெட்டியும் இல்லாத காலத்தில் ஒரு தடுப்பு மருந்தைப் பாய்மரக் கப்பலில் ஏற்றி உலகைச் சுற்றி வந்தவர் ஒருவர் இருந்தார். அவர்தான் பிரான்சிஸ்கோ ஹாவியர் டி பால்மிஸ். இடைநிலைப்பள்ளி அறிவியல் பாடத்தில் எட்வர்ட் ஜென்னரின் பெயரைப் படித்தேன். பால்மிஸின் பெயரைப் பல்கலைக்கழக நூலகத்தில்தான் முதன்முதலாகக் கண்டேன்.

பால்மிஸ் 1753ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் ஸ்பெயின் நாட்டின் அலிகாந்தே நகரில் பிறந்தார். அறுவை மருத்துவம் அவருடைய குடும்பத் தொழில். இளம் வயதிலேயே இராணுவ மருத்துவமனையில் பயின்று, படைகளோடு சென்று பணியாற்றினார். பின்னர் அன்று ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த மெக்ஸிகோவுக்குப் போனார். அங்கு மருத்துவமனைப் பணியோடு மூலிகைகளையும் ஆராய்ந்தார். பெகோனியா இனச் செடி ஒன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தாயகம் திரும்பியபின் அரசர் நான்காம் கார்லோஸின் அரண்மனை மருத்துவர்களில் ஒருவரானார்.

அப்போது உலகை ஆட்டிப்படைத்த நோய் பெரியம்மை. அமெரிக்கக் கண்டத்துக்கு அந்த நோயைக் கொண்டுசென்றவர்களே ஸ்பானியர்கள்தாம். 16ஆம் நூற்றாண்டில் அது கரையேறியபின் அங்குள்ள பூர்வகுடிகள் கூட்டங்கூட்டமாக மாண்டனர். இந்நிலையில், 1796இல் ஜென்னர் ஒரு பால்காரப் பெண்ணின் கையிலிருந்த பசு அம்மைக் கொப்புளத்தின் நீரை எடுத்து, ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனின் கையில் கீறி ஏற்றினார். அந்தச் சிறுவனுக்குப் பெரியம்மை அண்டவில்லை. இம்முறையைப் பற்றிய பிரெஞ்சு நூலொன்றைப் பால்மிஸ் 1803இல் ஸ்பானிய மொழியில் பெயர்த்தார். அம்மையின் கொடுமையைத் தம் குடும்பத்திலேயே கண்டிருந்த அரசர், தடுப்பு மருந்தைத் தம் ஆட்சிப் பகுதிகளுக்கெல்லாம் அனுப்ப முடிவு செய்து, அந்தப் பொறுப்பைப் பால்மிஸிடம் ஒப்படைத்தார்.

ஆனால், எப்படிக் கொண்டுபோவது? கொப்புள நீரை நூலில் தோய்த்து உலர்த்துவார்கள். அல்லது இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு இடையில் வைத்து மெழுகால் அடைப்பார்கள். பக்கத்து ஊருக்கு அனுப்ப இது போதும். வெயிலில் பல வாரம் கடலில் கிடந்தால் வீரியம் போய்விடும். இந்தியாவுக்கு அனுப்பிய மருந்தும் முதலில் இப்படித்தான் வழியில் வீணானது. கடைசியில் பாக்தாத், பஸ்ரா வழியாகக் கைமாறிக் கைமாறி வந்து, 1802 ஜூன் 14ஆம் நாள் பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தையிடம் பலித்தது. அந்தக் குழந்தையின் கையிலிருந்துதான் இந்தியாவின் மற்றப் பகுதிகளுக்கு மருந்து பரவியது.

பால்மிஸ் கண்ட வழி, கேட்டால் நெஞ்சு பதறும் வழி. குழந்தைகளின் உடலையே அவர் மருந்துப் பெட்டியாக்கினார். அம்மை நோயும் வராத, தடுப்பு மருந்தும் ஏற்றாத 22 சிறுவர்கள் சேர்க்கப்பட்டனர். பெரும்பாலும் ஆதரவற்ற பிள்ளைகள். மூன்று வயதிலிருந்து ஒன்பது வயது வரை. முதலில் இருவருக்கு மருந்தைக் கீறி ஏற்ற வேண்டும். ஒன்பது, பத்து நாளில் கொப்புளம் முற்றும். அந்த நீரை எடுத்து அடுத்த இருவருக்கு ஏற்ற வேண்டும். ஒருவனிடம் பலிக்காவிட்டாலும் மற்றவன் காப்பாற்றுவான் என்பதற்காகவே இருவர். கணக்குப் போட்டுப் பாருங்கள். 22 பேர், 11 முறை, ஏறக்குறைய 100 நாள். அதற்குள் கரை சேராவிட்டால் எல்லாம் வீண்.

1803 நவம்பர் 30ஆம் நாள் லா கொருன்யா துறைமுகத்திலிருந்து 'மரியா பீத்தா' என்ற கப்பல் புறப்பட்டது. பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள அவ்வூர் அனாதை இல்லத்தின் பொறுப்பாளர் இசபெல் செண்டால் என்ற பெண்மணி உடன் சென்றார். அந்த 22 பேரில் அவருடைய மகனும் ஒருவன். கடல் சீற்றத்தில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளைத் துடைப்பதும், அவர்கள் கொப்புளத்தைச் சொறிந்துவிடாமலும் முறை வராத பிள்ளையோடு ஒட்டி உறங்காமலும் காப்பதும் யார் வேலையாக இருந்திருக்கும்? பால்மிஸின் வரலாற்றை எழுதுவோர் இந்த அம்மையாருக்கு ஒரு வரி ஒதுக்கிவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை.

1804 பிப்ரவரி 9ஆம் நாள் கப்பல் புவெர்ட்டோ ரிக்கோவை அடைந்தது. அங்கே பால்மிஸுக்கு ஏமாற்றம் காத்திருந்தது. உள்ளூர் மருத்துவர் பிரான்சிஸ்கோ ஓல்யெர், பக்கத்துத் தீவிலிருந்து மருந்தை வரவழைத்து முன்னரே போட்டு முடித்திருந்தார். மகிழ்ந்திருக்க வேண்டிய பால்மிஸ் சினம் கொண்டார்; அந்த மருந்து செல்லாது என்று வாதிட்டார். அவர் முன்கோபக்காரர். பின்னர் மெக்ஸிகோவிலும் ஆளுநரோடு மோதினார். இதற்கிடையில், மருந்து ஏற்றாத புதிய சிறுவர்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. மார்ச் 20ஆம் நாள் வெனிசுவேலாவின் கரையை அடைந்தபோது, முற்றிய கொப்புளம் ஒரே ஒரு சிறுவனின் கையில்தான் இருந்தது. மூன்றரை மாதப் பயணம் அந்த ஒரு பிள்ளையின் கையில் தொங்கியது.

கராக்காஸ் நகரில் அவர் செய்த வேலையே என் பார்வையில் ஆகப் பெரிது. தடுப்பு மருந்துக் குழு ஒன்றை அமைத்தார். பிறக்கும் குழந்தைகளுக்கு ஒழுங்காக மருந்து ஏற்றுவது, பெயரைப் பதிவேட்டில் எழுதுவது, கொப்புளத்திலிருந்து கொப்புளத்துக்கு மருந்தை அறுந்துபோகாமல் காப்பது ஆகியவை அதன் பணிகள். இதே முறையைச் சென்ற இடமெல்லாம் ஏற்படுத்தினார்.

அங்கிருந்து குழு இரண்டாகப் பிரிந்தது. துணைத்தலைவர் ஹோசே சால்வானி தென் அமெரிக்காவுக்குள் சென்றார். ஆண்டிஸ் மலைகளைக் கடந்து, ஒரு கண்ணின் பார்வையை இழந்து, நோயோடு போராடியபடியே பணியைத் தொடர்ந்து, 1810இல் கொச்சபாம்பாவில் இறந்தார். பால்மிஸ் கியூபாவுக்குச் சென்றார். அங்கிருந்து புறப்படும்போது சிறுவர்கள் கிடைக்கவில்லை. அதனால் அடிமைப் பெண்கள் மூவரை விலைக்கு வாங்கினார். படையின் முரசடிக்கும் சிறுவன் ஒருவனையும் சேர்த்துக்கொண்டார். இதை மறைத்து அவரைத் தெய்வமாக்குவது நேர்மையாகாது. உயிர் காக்கும் மருந்தைச் சுமந்தவர்களில் எவரும் தாமாக விரும்பி வந்தவர் அல்லர்.

1805 பிப்ரவரியில் மெக்ஸிகோவின் 26 சிறுவர்களோடு அக்காப்புல்கோவிலிருந்து பசிபிக் பெருங்கடலில் இறங்கினார். ஏப்ரல் 15ஆம் நாள் மணிலா வந்து சேர்ந்தார். கப்பலில் பிள்ளைகளை நெருக்கமாகத் தரையில் படுக்க வைத்திருந்ததால், முறை வராதவர்களுக்கும் கொப்புளம் தொற்றியது. சங்கிலி அறுந்துபோகும் நிலை வந்தது. பிலிப்பீன்ஸில் பணியைத் தொடங்கிவைத்தபின், உடல்நலம் குன்றியிருந்தும், சில சிறுவர்களோடு மக்காவுக்குப் புறப்பட்டார். வழியில் கடும் புயலில் கப்பல் சேதமுற்றது. ஆயினும் செப்டம்பரில் மக்காவ், பின்னர் கந்தோன் என்று மருந்து சீன மண்ணையும் தொட்டது. திரும்பும் வழியில் செயிண்ட் ஹெலினா தீவிலும் குழந்தைகளுக்கு மருந்து ஏற்றினார். 1806 செப்டம்பரில் அரசரைக் கண்டு பணி முடிந்ததை அறிவித்தார். ஜென்னரே வியந்து பாராட்டினார்.

1808இல் நெப்போலியனின் படை ஸ்பெயினுக்குள் புகுந்தது. அந்நிய அரசரை ஏற்க மறுத்த பால்மிஸின் வீடு சூறையாடப்பட்டது. அவருடைய பயணக் குறிப்பேடும் அதில் காணாமற்போனது. 1810இல் மீண்டும் மெக்ஸிகோ சென்று தம் குழுக்களின் நிலையைப் பார்த்து வந்தார். 1819 பிப்ரவரி 12ஆம் நாள் மட்ரிட் நகரில் காலமானார்.

கையிலிருந்து கைக்கு மருந்து மாற்றும் முறையில் வேறு நோய்களும் பரவுவது பின்னாளில் தெரியவந்தது. 1898இல் பிரிட்டன் அதைத் தடை செய்தது. சூட்டிலும் கெடாத உறைஉலர் மருந்தை 1950களில் லெஸ்லி கோலியர் செம்மைப்படுத்தினார். 1980இல் பெரியம்மை ஒழிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

அந்த மெக்ஸிகோ சிறுவர்கள் 1807இல் ஊர் திரும்பினர். ஸ்பெயினிலிருந்து வந்த பிள்ளைகள் மெக்ஸிகோவிலேயே விடப்பட்டனர். இசபெலும் தம் மகனோடு அங்குள்ள புவெப்லா நகரில் தங்கிவிட்டார். அவருடைய பெயரை ஆவணங்கள் ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கின்றன. கோவிட் பெருந்தொற்றின்போது, 2020 மார்ச்சில், ஸ்பெயின் இராணுவம் தன் நிவாரணப் பணிக்குப் பால்மிஸின் பெயரைச் சூட்டியது. அதே ஆண்டு டிசம்பரில் மட்ரிட்டில் திறக்கப்பட்ட புதிய மருத்துவமனைக்குச் சூட்டப்பட்ட பெயர் தாதி இசபெல் செண்டால்.