விதான சௌதாவைக் கட்டியவர் அதில் ஆட்சி செய்யாதது ஏன்? கெங்கல் ஹனுமந்தையாவின் வாக்குக் கணக்கு

தமிழ்நாட்டிலிருந்து பஸ் ஏறி பெங்களூரு சாந்திநகரில் இறங்கியிருக்கிறீர்களா? அப்படின்னா கே.எச். ரோடு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். டபுள் ரோடுன்னு சொன்னா ஆட்டோக்காரருக்கு இன்னும் சீக்கிரம் புரியும். அந்த கே.எச். என்பது கெங்கல் ஹனுமந்தையா. பழைய மைசூர் மாநிலத்தின் இரண்டாவது முதலமைச்சர். பெங்களூரின் அடையாளமான விதான சௌதா இன்றைய வடிவத்தில் நிற்கக் காரணமானவர்.

ஒரு மக்கள் பிரதிநிதியை எடைபோட நாம் பொதுவாக இரண்டு விஷயங்களைப் பார்க்கிறோம். எத்தனை தேர்தலில் ஜெயித்தார், அவையில் எந்தப் பக்கம் வாக்களித்தார். ஹனுமந்தையாவின் கதையில் இந்த இரண்டுமே பாதி உண்மையைத்தான் சொல்கின்றன. மீதிப் பாதி எங்கே இருக்குன்னு பார்க்கலாம்.

யார் இவர்?

1908-ல் ராமநகரம் அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவர். ஒக்கலிகர் சமூகத்தைச் சேர்ந்தவர். வழக்கறிஞர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். அரசியல் நிர்ணய சபையில் மைசூரின் உறுப்பினர்களில் ஒருவர். 1949 நவம்பரில் அரசியல் சாசனத்தின் இறுதி விவாதத்தில், வீணை இசையை எதிர்பார்த்தோம், இங்கிலீஷ் பேண்டு வாத்தியம்தான் கிடைத்தது என்ற பொருளில் அவர் பேசியது இன்றுவரை நினைவுகூரப்படுகிறது. கிராமங்களுக்கு அதிகாரம் போதவில்லை என்பது அவர் குறை.

அவரது முக்கியத் தேர்தல்கள் இவை:

1952: ராமநகரம், சட்டமன்றம், வெற்றி
1962, 1967, 1971: பெங்களூரு நகரம், மக்களவை, வெற்றி
1977: பெங்களூரு தெற்கு, மக்களவை, தோல்வி

1952-ல் மைசூர் சட்டமன்றத்தில் மொத்தம் 99 இடங்கள். காங்கிரஸுக்கு 74. நாலில் மூன்று பங்கு. மார்ச் 30 அன்று ஹனுமந்தையா முதலமைச்சரானார். இவ்வளவு பலம் இருந்தும் ஐந்து வருடம் முடியும் முன்பே, 1956 ஆகஸ்ட் 19 அன்று பதவியை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. எதிர்க்கட்சி கவிழ்க்கவில்லை. சொந்தக் கட்சி எம்எல்ஏக்களின் நம்பிக்கையைத்தான் இழந்தார்.

என்ன நடந்தது?

கன்னடம் பேசும் மக்கள் அப்போது மைசூர், பம்பாய், ஹைதராபாத், மதராஸ், குடகு என்று பல மாநிலங்களில் சிதறிக் கிடந்தார்கள். எல்லாரையும் ஒரே மாநிலமாக்க வேண்டும் என்பது நீண்டகாலக் கோரிக்கை. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரா பிரிந்தபோது பெல்லாரி மாவட்டத்தின் 7 தாலுகாக்கள் மைசூருடன் சேர்ந்தன. 1955-ல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் அறிக்கை தந்ததும் கேள்வி சூடுபிடித்தது.

கேட்க நல்ல கோரிக்கைதான். ஆனா மைசூரிலேயே எதிர்ப்பு இருந்தது. காரணம் கணக்கு. பழைய மைசூரில் ஒக்கலிகர்கள் செல்வாக்கான சமூகம். வடக்கே இருந்து சேரப்போகும் மாவட்டங்களில் லிங்காயத்துகள் பலம் அதிகம். மாநிலம் பெரிதானால் முதலமைச்சர் நாற்காலி கைமாறிவிடும் என்று ஒக்கலிகத் தலைவர்கள் பயந்தார்கள். அணைகளும் தொழிற்சாலைகளுமாக வளர்ந்திருந்த மைசூர், பின்தங்கிய மாவட்டங்களின் சுமையை ஏன் தூக்க வேண்டும் என்ற கேள்வியும் இருந்தது.

ஹனுமந்தையா ஒன்றுபட்ட மாநிலத்தின் பக்கம் நின்றார். தன்னை ஜெயிக்க வைத்த ஆட்களுக்கு எதிராக நின்றார் என்றும் சொல்லலாம். அவர் பதவி போக இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது. விதான சௌதா செலவு குறித்த விமர்சனமும், கட்சிக்குள் இருந்த கோஷ்டிப் பூசலும் சேர்ந்துகொண்டன. ஆனா இந்த விஷயத்தில் அவர் இழந்த ஆதரவைப் பிறகு மீட்க முடியவில்லை.

அவர் இறங்கிய 74-வது நாள், 1956 நவம்பர் 1, ஒன்றுபட்ட மைசூர் மாநிலம் பிறந்தது. கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்த கொள்ளேகால் தாலுகாவும் அதில் சேர்ந்தது. முதல் முதலமைச்சர், லிங்காயத்து சமூகத்தைச் சேர்ந்த எஸ். நிஜலிங்கப்பா.

பயந்தவர்கள் சொன்னது சரியா?

முதலமைச்சர்கள் பட்டியலை எடுத்து எண்ணிப் பார்த்தால், சரிதான். நிஜலிங்கப்பா, பி.டி. ஜாட்டி, எஸ்.ஆர். காந்தி, மறுபடி நிஜலிங்கப்பா, வீரேந்திர பாட்டீல் என்று 1971 வரை வந்த அனைவரும் லிங்காயத்துகள். ஹனுமந்தையாவுக்குப் பின் சில வாரங்கள் மட்டும் பதவியில் இருந்த கடிதால் மஞ்சப்பாவை அடுத்து, ஒரு ஒக்கலிகர் முதலமைச்சராக 1994 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 38 ஆண்டுகள். அப்படி வந்தவர் எச்.டி. தேவே கவுடா. அவர் அப்போது ஜெயித்த தொகுதி ராமநகரம். ஹனுமந்தையாவின் அதே பழைய தொகுதி.

அதாவது, எதிர்த்தவர்களின் கணக்கு தப்பவில்லை. அந்த விலையைக் கொடுத்துத்தான் இன்றைய கர்நாடகம் உருவானது.

விதான சௌதா?

1951 ஜூலை 13-ல் நேரு அடிக்கல் நாட்டியபோது முதலமைச்சராக இருந்தவர் கே.சி. ரெட்டி. பிறகு வந்த ஹனுமந்தையா பழைய வரைபடத்தை மாற்றி, கிரானைட்டில், திராவிடக் கோயில் சாயலில் பெரிதாகக் கட்டவைத்தார். அரசாங்க வேலை கடவுளின் வேலை என்ற பொருளில் வாசலில் ஒரு வரியும் பொறிக்கப்பட்டது. 99 பேர் உட்கார இவ்ளோ பெரிய மாளிகை எதற்கு என்று தோன்றுவது நியாயம்தான். ஆனா 1957-ல் சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கை 208 ஆனது. இன்று 224. கட்டடம் 1956-ல் முடிந்தது. அதில் உட்கார்ந்து ஆளும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை.

டெல்லியில் அவர் பதிவு என்ன?

இங்கே ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். நம் நாடாளுமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கில் நிறைவேறும். யார் எந்தப் பக்கம் என்று பதிவாகாது. எண்ணி வாக்கெடுப்பு நடத்துவது முக்கியமாக அரசியல் சாசனத் திருத்தங்களுக்கு. அதற்கு மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும்.

அப்படி ஒரு வாக்கெடுப்பு ஹனுமந்தையா மத்திய சட்ட அமைச்சராக இருந்தபோது நடந்தது. மன்னர்களுக்கான மானியத்தை ஒழிக்கும் மசோதா, 1970 செப்டம்பர். மைசூர் மன்னருக்கு மட்டும் ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய் போய்க்கொண்டிருந்தது. மக்களவையில் மசோதா நிறைவேறியது. மாநிலங்களவையில் ஆதரவு 149, எதிர்ப்பு 75. தேவை 149.33. மூன்றில் ஒரு வாக்கு குறைந்ததால் தோற்றது. உடனே குடியரசுத் தலைவர் உத்தரவு மூலம் மன்னர்களின் அங்கீகாரம் ரத்து செய்யப்பட்டது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைச் செல்லாது என்றது. அப்படிச் சொன்ன நீதிபதிகளில் ஒருவர் கே.எஸ். ஹெக்டே.

1971-ல் மைசூர் மாநிலத்தின் 27 தொகுதிகளையும் இந்திரா காங்கிரஸ் அள்ளியது. ஹனுமந்தையா ரயில்வே அமைச்சரானார். 1973-ல் நீதிபதி ஹெக்டேயைத் தாண்டி வேறொருவர் தலைமை நீதிபதியாக்கப்பட, ஹெக்டே ராஜினாமா செய்தார். 1977-ல் ஜனதா வேட்பாளராகப் பெங்களூரு தெற்கில் நின்றார். எதிரே நின்றவர் ஹனுமந்தையா. கர்நாடகாவின் 28 தொகுதிகளில் காங்கிரஸ் இழந்தவை இரண்டே இரண்டு. அதில் ஒன்று இது.

இன்று இதை ஏன் படிக்க வேண்டும்?

1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். அதனால் ஒரு எம்எல்ஏவின் வாக்குப் பதிவு பெரும்பாலும் அவர் கட்சியின் முடிவைத்தான் காட்டும், அவரைக் காட்டாது. அவரைத் தெரிஞ்சுக்கணும்னா, தன் ஆதரவாளர்களுக்குப் பிடிக்காத எதையாவது எப்போதாவது சொன்னாரா என்று தேடணும். ஹனுமந்தையா விஷயத்தில் அதற்கான பதில் 1955, 1956-ல் இருக்கிறது. எந்த டிவிஷன் பட்டியலிலும் இல்லை.

1980 டிசம்பர் 1-ல் அவர் காலமானார். விதான சௌதா வளாகத்தில் இன்று அவருக்குச் சிலை இருக்கிறது.