வளைவுக்கு இலக்கணம் வகுத்தவர்

கேத்திரகணிதம் பயிலும் மாணவர் பரவளைவையும் அதிபரவளைவையும் தாளில் வரைந்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவதைக் காண்கின்றேன். அவ்வளைவுகளைக் கல்லிலே எழுப்புதற்குத் தம் வாழ்நாளை ஈந்த ஒருவரின் வரலாற்றை அவர்கள் அறிதல் நன்றென எண்ணி இதனை எழுதலானேன்.

ஸ்பெயின் தேசத்துக் கட்டலோனியாப் பகுதியிலே 1852ஆம் ஆண்டு யூன் 25ஆம் நாள் பிறந்தவர் அந்தோனி கௌடி. தந்தையார் செம்பிலே பாத்திரஞ் செய்யும் கன்னார். தட்டைத் தகடு சுத்தியலடியால் வளைந்து கலமாவதைப் பார்த்து வளர்ந்தவர் மைந்தர். இளமையிலே மூட்டுவாதம் அவரை வருத்திற்று. 1878இல் பார்சலோனாவிலே கட்டடக் கலைஞராகத் தேறினார். 1883இல், முந்திய ஆண்டில் வேறொருவர் தொடக்கிய திருக்குடும்பத் தேவாலயப் பணி அவர் கைக்கு வந்தது.

இரு கம்பங்களிடையே கட்டிய கொடிக்கயிறு தன் பாரத்தாலே தொய்ந்து ஒரு வளைவைக் கொள்ளுமன்றோ? அவ்வளைவில் இழுவிசை மாத்திரமே உண்டு. அதனைத் தலைகீழாக்கிக் கல்லாற் கட்டினால், அதே வளைவில் அமுக்கவிசை மாத்திரமே நிற்கும். பார்சலோனாவுக்கு அண்மையில் குவெல் தொழிலாளர் குடியிருப்பின் தேவாலயத்துக்காக, நூல்களிலே ஈயக்குண்டுப் பைகளைத் தொங்கவிட்டு மாதிரி அமைத்தார் கௌடி. அதனைப் படம் பிடித்துத் தலைகீழாகத் திருப்பியே கட்டடத்தின் உருவைக் கண்டார். இம் முயற்சி ஏறத்தாழப் பத்தாண்டு நீடித்தது. 1908இல் தொடங்கிய கட்டடவேலை 1914இல் நின்றது. நிலவறைக் கோயில் மட்டுமே எஞ்சிற்று.

பின்னர் அவர் திருக்குடும்பத் தேவாலயம் ஒன்றுக்கே தம்மை ஒப்புவித்தார். அங்கே அவர் கையாண்ட உபாயம் இன்னும் நுட்பமானது. இரு வளையங்களிடையே நேர்நூல்களைக் கட்டி, ஒரு வளையத்தைச் சிறிது திருகினால் நடுவே இடை சிறுத்த ஒரு வடிவம் தோன்றும். பார்வைக்கு வளைவு, ஆயினும் அதிலுள்ள ஒவ்வொரு நூலும் நேர்கோடே. இத்தகைய பரப்புகளை ஒன்றையொன்று வெட்டச் செய்து தூண்களையும் கூரைகளையும் சாளரங்களையும் அமைத்து, அவற்றைப் பரிஸ் சாந்து மாதிரிகளாக வார்த்தார். நேர்கோடு தெரிந்த கொத்தனுக்கு அவ் வளைவும் எளிதாயிற்று.

1926 யூன் 7ஆம் நாள் ட்ராம் வண்டியொன்று அவர்மீது மோதிற்று. எளிய உடை காரணமாக எவரும் அவரை அடையாளங் காணாது, ஏழைகளின் வைத்தியசாலையிற் சேர்த்தனர். மூன்றாம் நாள் உயிர் பிரிந்தது. பத்தாண்டின் பின், 1936 யூலையில், உள்நாட்டுப் போரின் தொடக்கத்திலே தொழிற்கூடம் தீக்கிரையாயிற்று. சாந்து மாதிரிகள் நொறுக்கப்பட்டன.

எஞ்சிய துண்டுகளை வைத்துக் கட்டலாமா என்ற வினா எழுந்தது. 1965இல் லெ கொர்புசியே உள்ளிட்ட அறிஞர் பலர் பணியை நிறுத்துமாறு கேட்டனர். ஆசிரியனில்லாக் காவியத்தைப் பிறர் எழுதி முடிப்பது தகாது என்பது போன்ற நியாயமே அது, எளிதில் தள்ளத்தக்கதன்று.

ஆயினும் கௌடி விட்டுச்சென்றது உரு மாத்திரமன்று, இலக்கணமும் ஆகும். இடை சிறுத்த அத்தகைய பரப்பொன்றைச் சில எண்களாலே முற்றாக வரையறுக்கலாம். ஆகவே உடைந்த துண்டில் அளந்த புள்ளிகளிலிருந்து அவ் எண்களைத் தேடிக் காணலாம். கையாற் செய்யின் ஆண்டுக்கணக்கில் நீளும் இத் தேடலை, விமான வடிவமைப்புக்கென உருவான மென்பொருளைக் கொண்டு 1990களிலே கணினியில் நடத்தினர். எண்ணொன்றை மாற்றினால், அதனோடு வெட்டும் பரப்புகள் யாவும் உடன் மாறின; துண்டோடு பொருந்தும்வரை மாற்றினர். கூரை மூடப்பெற்ற ஆலயத்தைப் பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பர் 2010 நவம்பர் 7ஆம் நாள் அபிஷேகஞ் செய்தார்.

என் கருத்தில், அக் கூரையின் கீழ் நிற்பவர் கௌடியின் ஆக்கத்தையே காண்கின்றார். பாடுகளின் முகப்பிலே 1987 முதல் சுபிராக்ஸ் தம் பாணியிற் செதுக்கிய கோணவடிவச் சிலைகளோ சுபிராக்ஸினுடையவை. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு புகழ்தலும் இகழ்தலும் பிழை. கணினி எதையும் கற்பனை செய்யவில்லை; அவர் வகுத்த விதியை அவருக்குப் பின்னும் வழுவாது பின்பற்றிற்று. விதியை மறையாக வைக்காது தொழிலாளர் கையில் ஒப்படைத்தமையாலன்றோ அது பிழைத்தது? கற்பிப்போர் இதனைச் சிந்தித்தல் தகும்.