முனிசீப் வேதநாயகம் பிள்ளை

மாயூரம் வேதநாயகம் பிள்ளையவர்களைத் தமிழின் முதல் நாவலாசிரியரென நாமனைவரும் அறிவோம். நியாயாசனத்திலிருந்து அவர் ஆற்றிய தொண்டினை அறிந்தார் சிலரே. அதனையே ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1826ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 11ஆம் நாள் திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த குளத்தூரில் சவரிமுத்துப் பிள்ளைக்குப் புதல்வராய்த் தோன்றினார். தமிழும் ஆங்கிலமும் செவ்வனே கற்றுத் திருச்சிராப்பள்ளி நியாயஸ்தலத்தில் முதலில் ஆவணக் காப்பாளராகவும், பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் அமர்ந்தார். 1857இல் தரங்கம்பாடிக்கு முனிசீபாக நியமிக்கப்பட்டார். பிறகு சீர்காழியிலும், இன்று மயிலாடுதுறை எனப்படும் மாயூரத்திலும் அவ்வுத்தியோகம் வகித்தார். மாயூரத்தில் மட்டும் 13 ஆண்டுகள்.

முனிசீப் கோர்ட்டு சிவில் நியாயஸ்தலங்களுள் கீழ்ப்படியினது. ஆயினும் வரப்புத் தகராறும், கடன் பத்திரமும், பாகப்பிரிவினையும் முதன்முதல் வந்தடைவது ஆங்கேயாம். குடியானவனுக்குச் சர்க்கார் நீதியின் முகம் அவ்விடத்தேதான் புலப்படும். அங்கே கைக்கூலி நுழையின் அவனுக்குப் புகலிடம் ஏது? இதனை உணர்ந்தே நம் பெரியார் 1859இல் வெளியிட்ட நீதிநூலில் கைக்கூலியைத் தனித்தொரு பொருளாக எடுத்துக் கண்டித்தார்.

கைக்கூலி வாங்காமை ஒன்றே நடுவுநிலைமையாகி விடாது. எந்த விதிப்படி தன் வழக்குத் தீர்க்கப்பட்டதென்பதை அறியாதவன், தீர்ப்பு நேர்மையானதா அன்றாவென எங்ஙனம் துணிவான்? அக்காலத்துச் சென்னையில் சதர் கோர்ட்டே கம்பெனியாரின் மேலான நியாயஸ்தலம். அதன் தீர்ப்புக்கள் ஆங்கிலத்தில் இருந்தமையால் வழக்காடுவோருட் பெரும்பாலார்க்கு எட்டாக்கனியாயின. 1805 முதல் 1861 வரை வந்த தீர்ப்புக்களைப் பிள்ளையவர்கள் தமிழிற் சுருக்கி, சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் 1862இல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே சதர் கோர்ட்டு மறைந்து ஐகோர்ட்டு தோன்றிற்று. 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்திலும், தமிழ்நாட்டு நியாயஸ்தலங்களில் வக்கீல்கள் கட்சிக்காரருக்கு விளங்காத ஆங்கிலத்தில் வாதிப்பதை இவர் கடிந்துரைக்கின்றார்.

கிறிஸ்தவராயினும் சர்வ சமயத்தார்க்கும் பொதுவாகக் கீர்த்தனைகள் பாடினார். 1876ஆம் ஆண்டு தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் தம் பொருளை ஏழைகளுக்கு வாரி வழங்கினார். 1889 ஜூலை 21ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

நம் கல்லூரி மாணவருட் பலர் நாளை உத்தியோகம் ஏற்று, பிறர் மனுக்களின்மீது முடிவெழுதுவர். கையெழுத்திடுமுன், அம்முடிவின் காரணம் மனுதாரனுக்கு விளங்குமோவென ஒருகணம் எண்ணுவாராயின், முனிசீப் வேதநாயகம் பிள்ளைக்கு அதனினும் சிறந்த நினைவுச் சின்னம் வேண்டுவதில்லை.