ஓராண்டு மேயர்

மேயர் என்றதும் நம் கண்முன் தோன்றுவன நீண்ட அங்கியும் தங்கச் சங்கிலியும்தாம். அந்த அங்கிக்குள் அதிகாரம் எவ்வளவு இருந்தது என்று எண்ணிப் பார்ப்பவர் குறைவு. சென்னை மாநகராட்சித் தலைவருக்கு 1933இல் மேயர் என்ற பட்டம் வந்தபோதும் நிர்வாகக் கடிவாளம் ஆணையாளர் கையில்தான் இருந்தது. மேயர் மன்றக் கூட்டத்திற்குத் தலைமை தாங்குவார். நகருக்கு வரும் பெருமக்களை வரவேற்பார். ஆண்டு முடிந்ததும் சங்கிலியைக் கழற்றி அடுத்தவருக்கு அணிவிப்பார். ஆம், பதவிக் காலம் ஓராண்டுதான்! இத்தகைய பதவியில் அமர்ந்து ஒருவர் என்னதான் சாதித்துவிட முடியும்?

2021இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி பிறந்ததிலிருந்து இவ்வினா நம் பகுதியிலும் எழுகிறது. தேநீர்க் கடையிலும் மின்சார ரயிலிலும் வார்டு உறுப்பினர்களைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. அப்பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நினைவில் வருபவர் தீரர் சத்தியமூர்த்தி ஆவார்.

அன்னார் 1887 ஆகஸ்டு 19ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துத் திருமயத்தில் பிறந்தார். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிலும் பிறகு சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்றார். இன்று தாம்பரத்தின் பெருமையாக விளங்கும் அக்கல்லூரி அந்நாளில் நகரின் நடுவே, ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937இல்தான் இங்கு வந்தது. அதனால் அவரை நம் ஊர்க் கல்லூரி மாணவர் என்று பாதி உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? பின்னர்ச் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். வழக்கு மன்றத்தைவிட மக்கள் மன்றமே அவரை ஈர்த்தது. 1923இல் சென்னைச் சட்டமன்றத்துள் நுழைந்தார். அவருடைய ஆங்கிலச் சொல்வன்மை ஆளவந்தோரை அஞ்சவைத்தது. 1928இல் பாரதியாரின் நூல்கள் பறிமுதல் செய்யப்பட்டபோது மன்றத்தில் எழுந்து கண்டித்து வாதிட்டவரும் அவரே. இசையிலும் நாடகத்திலும் அவருக்கிருந்த காதலை விரித்தால் அது தனிக் கட்டுரையாகிவிடும்.

1934இல் மத்திய சட்டசபைத் தேர்தலில் சென்னையில் நின்று வென்றார். 1937இல் காங்கிரஸ் மாகாண ஆட்சியைப் பிடித்தது. அவ்வெற்றிக்கு உழைத்தோருள் முதல் வரிசையில் நின்றவர் சத்தியமூர்த்தி. ஆயினும் தாம் போட்டியிட எண்ணியிருந்த பல்கலைக்கழகத் தொகுதியை இராஜாஜிக்கு விட்டுக் கொடுத்தார். இராஜாஜி முதலமைச்சரானார், சத்தியமூர்த்திக்கு அமைச்சர் பதவிகூடக் கிட்டவில்லை. இந்த இடத்தில்தான் மனிதரின் தரம் தெரியும் என்பது என் எண்ணம். நம்மில் பலர் இத்தகைய ஏமாற்றத்துக்குப் பின் வீட்டுத் திண்ணையோடு முடங்கிவிடுவோம். அவரோ 1939இல் சென்னை மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அந்த ஓராண்டுப் பதவியைச் சிறிதென்று கருதவில்லை.

அப்போது சென்னையின் தலையாய குறை குடிநீர். 1931இல் ஏறத்தாழ ஆறரை இலட்சமாயிருந்த மக்கள் தொகை 1941இல் ஏழே முக்கால் இலட்சத்தைத் தாண்டியது. நகரம் நம்பியிருந்தது செங்குன்றம் ஏரியை. கொசஸ்தலையாற்றின் நீரைத் தாமரைப்பாக்கம் அணையில் திருப்பிச் சோழவரம் வழியாகச் செங்குன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். மழைக் காலத்தில் ஆறு பெருக்கெடுத்தால் ஏரிகள் கொள்ளாத நீரெல்லாம் எண்ணூர் அருகே கடலில் கலந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம். சித்திரையில் குடத்தோடு அலைச்சல். முடிச்சூரில் 2015ஆம் ஆண்டு வெள்ளத்தையும், 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குப் பின்னே ஓடியதையும் மறவாத நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

ஆற்றின் மேற்பகுதியில், பூண்டியில் ஓர் அணை கட்டி வெள்ள நீரைத் தேக்க வேண்டும் என்பதே திட்டம். காலமோ போர்க்காலம். பணத்துக்கும் பொருளுக்கும் தட்டுப்பாடு. மேலும் ஓர் இடர். போரில் இந்தியாவைக் கேளாமல் ஈடுபடுத்தியதைக் கண்டித்து 1939 அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகிவிட்டது. மாகாணம் ஆளுநரின் நேர் ஆட்சியில் இருந்தது. காங்கிரஸ் மேயர் தம் கட்சி எதிர்த்து நிற்கும் ஆட்சியிடமே சென்று நகருக்குத் தண்ணீர் கேட்க வேண்டிய நிலை. கேட்டால் கட்சிக்காரர் முகம் சுளிக்கலாம். கேளாதிருந்தால் மக்கள் தொண்டை வறளும். அவர் கேட்டார். விடாமல் வாதாடி இசைவும் பெற்றார். 1940இல் ஆளுநர் ஆர்தர் ஹோப் பூண்டியில் அடிக்கல் நாட்டினார். தாம் எதிர்த்த அரசின் ஆளுநர் கையாலேயே அக்கல் விழுந்ததில் சத்தியமூர்த்திக்கு யாதொரு வெட்கமும் இல்லை. கொள்கையை விற்றுவிட்டாரோ என்று எவரும் ஐயுற வேண்டாம். அதே 1940இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் அவர் சிறை சென்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1936இல் அவர் மாகாணக் காங்கிரஸ் தலைவரானபோது செயலாளராக இருந்தவர் காமராசர். 1940இல் காமராசர் தலைவரானார். குருவாகிய இவர் சீடருக்குக் கீழே செயலாளராகப் பணியாற்றினார். நாற்காலியின் உயரத்தை அளந்து பார்க்கும் வழக்கம் அவரிடம் இல்லை போலும்.

1942 ஆகஸ்டுப் புரட்சியில் மீண்டும் கைதானார். தொலைவிலுள்ள அமராவதிச் சிறைக்குக் கொண்டு செல்லும் வழியில் முதுகெலும்பில் காயமுற்றார். அதிலிருந்து மீளவே இல்லை. 1943 மார்ச்சு 28ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் உயிர் நீத்தார். வயது 55.

பூண்டியில் வேலை நடந்துகொண்டிருந்தது. 1944இல் நீர்த்தேக்கம் பயனுக்கு வந்தது. அதன் கொள்ளளவு அன்று 2,573 மில்லியன் கன அடி. பிற்காலத்தில் 3,231 ஆக உயர்த்தப்பட்டது. 1996 முதல் கிருஷ்ணா நீரும் அங்குதான் வந்து சேர்கிறது. பூண்டியிலிருந்து செம்பரம்பாக்கத்துக்கும் கால்வாய் உண்டு. சத்தியமூர்த்தி சாகர் என்பது அதன் முறையான பெயர். மக்கள் நாவிலோ அது பூண்டி ஏரிதான்.