மேடையிலே மாண்ட மாவீரன்

திருத்தங்கலுக்கு அடுத்த ஊர் சிவகாசி. அந்த மண்ணில், முடிதிருத்தும் தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்ட குடும்பத்தில் 1886-ல் பிறந்தவர் நாடக நடிகர் விசுவநாததாஸ். தீப்பெட்டியோடும் வெடிமருந்தோடும் நாளெல்லாம் மாரடிக்கும் நம் தோழர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

கணீரென்ற குரல், ராஜபார்ட் நடிகராக உயர்ந்தார். பொன்னும் பொருளும் குவித்திருக்கலாம். அவரோ நாடக மேடையையே விடுதலைப் போர்க்களமாக்கினார். வள்ளி திருமணத்தில் முருக வேடம். வாயிலோ 1919 ஜாலியன்வாலாபாக் படுகொலையைச் சாடும் பாட்டு! வெள்ளையனைக் கொக்காக்கி மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டை அவர் எடுத்தால் கொட்டகை அதிரும். காத்து நிற்கும் போலீஸ் கைது செய்யும். வெளியே வந்ததும் மீண்டும் மேடை, அதே பாட்டு, மீண்டும் சிறை!

அந்த விலங்கினும் கொடிய விலங்கு ஒன்று இருந்தது. சாதியைக் காட்டி, அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தனர் நடிகையர் சிலர். ஊரே கைதட்டிய கலைஞனைக் குலம் கேட்டு ஒதுக்கினார்கள்!

அவர் ஒதுங்கவில்லை. கடன் கழுத்தை நெரித்தபோதும் கொள்கையை விற்கவில்லை. 1940 டிசம்பர் 31. சென்னையில் நாடகம். முருகனாக மயில்மீது அமர்ந்து பாடும்போதே உயிர் பிரிந்தது.

அவர் வாழ்ந்த திருமங்கலத்தில் நினைவில்லம் இருக்கிறது. மாலை போடுவது எளிது, தோழர்களே! தொழிலைச் சொல்லி மனிதனைத் தாழ்த்தும் புத்தி நம் தெருவில் இன்னும் இருக்குமானால், அந்த மாலைக்கு மணம் ஏது?